ஏழாவது துளி

இன்னும் இருபத்தெட்டு நிமிடம் இருக்கிறது, டைமரைப் பார்க்கக் கூடாது என்று நினைத்த உடனே பார்த்துவிட்டேன், இருபத்தேழு ஐம்பது. மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஈரக் காகிதத்தின் மேல் ஸ்லைடு என்கிற அந்தக் கண்ணாடிச் சில்லு படுத்திருக்கிறது. அதில் பன்னிரண்டு வட்டங்கள், ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு துளி, ஒவ்வொரு துளியும் ஒருவருடைய இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரம், அதில் ஒன்று என் மகள் காந்திமதியுடையது. அவளுடைய உடம்பு தன்னையே எதிரி என்று நினைத்துத் தாக்க ஆரம்பித்துவிட்டதா என்பது அந்த டப்பாவுக்குள் முடிவாகிக்கொண்டிருக்கிறது, எனக்குத்தான் தெரியாது. பாளையங்கோட்டையில் இந்த லேபில் பதினெட்டு வருடமாக இதே வேலைதான் செய்கிறேன். ஆயிரக்கணக்கான பேருக்கு ஏஎன்ஏ என்கிற இந்தச் சோதனையைப் பார்த்து எழுதியிருக்கிறேன், பாசிட்டிவ் அல்லது நெகட்டிவ், ஒரே வார்த்தை, கீழே ஆவுடைச்செல்வி என்று என் கையெழுத்து. அதற்கப்புறம் அவர்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்ததே இல்லை என்றால் பொய், நினைத்திருக்கிறேன், சாப்பாட்டு மணி ஆனதும் மறந்திருக்கிறேன், மறக்காவிட்டால் இந்த வேலையில் இருக்க முடியாது. இருபத்தேழு பத்து. நன்றி சொல்ல வேண்டிய சமாச்சாரங்களை எண்ணிக்கொண்டு உட்கார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், எனக்கு வியாதி வந்த முதல் வருடம் கற்றுக்கொண்ட பழக்கம் அது. பயம் வந்தால் நன்றியை எண்ணுவேன், அரிசியில் கல் பொறுக்குவது போலத்தான், கை ஓடிக்கொண்டிருந்தால் மனம் கொஞ்சம் அடங்கும். முதல் நன்றி, இந்த அறைக்கு ஏசி இருப்பதற்கு. வெளியே பங்குனி வெயில் கொளுத்துகிறது, வெயில் எனக்கு ஆகாது, மதிக்கும் ஆகாமல் போய்விட்டால் அவளுடைய வட்டு எறிதல் என்ன ஆகும், மாவட்டத்தில் இரண்டாவதாக வந்த பிள்ளை, இல்லை, எண்ணிக்கை தப்புகிறது, மறுபடி முதலிலிருந்து.

இரண்டாவது நன்றி ஜெபமேரிக்கு. என்னோடு எட்டு வருடமாக வேலை பார்ப்பவள், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், வாய் பெரியவள். இங்கே ஒரு முறை உண்டு. ஒவ்வொரு சில்லையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துத் தனித்தனி நோட்டில் எழுதி, கடைசியில் ஒப்பிட வேண்டும், சொந்தக்காரர்கள் சாம்பிளை நாம் பார்க்கக் கூடாது. ஆனால் இருப்பதே நாங்கள் இரண்டு பேர். "யக்கா, இன்னிக்கு நீங்க கண்ணாடிக் கதவுக்கு அந்தாண்ட போயிருங்க, நான் நம்பரை எல்லாம் கலைச்சுப் போட்டுருதேன், கன்ட்ரோலைக்கூட எடம் மாத்திருதேன், எந்தத் துளி யாருதுன்னு உங்களுக்குத் தெரியாது, ஊரான் பிள்ளை மாரி பாருங்க" என்றாள் காலையில். கன்ட்ரோல் என்றால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைக்கிற, விடை முன்பே தெரிந்த துளி. பெரிய மனுஷி. நானும் போனேன், ஒழுங்காகப் போய் நின்றவள் ஒழுங்காக முதுகைக் காட்டி நின்றிருக்கலாம். திரும்பிப் பார்த்தேன். பிப்பெட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று துளி விட்டுக்கொண்டு வந்தவள் ஏழாவது வட்டத்தில் விட்டுவிட்டு, பிப்பெட்டை இடது கைக்கு மாற்றி, நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள் என்று சிலுவை போட்டாள். சின்னதாக, ஈ ஓட்டுவது மாதிரி. பிறகு எட்டாவதுக்குப் போய்விட்டாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் அப்படியே நின்றேன். கலைத்து என்ன பிரயோஜனம், ஜெபா, உன் கை சொல்லிவிட்டதே. ஏழுதான் மதி. மதியின் இரத்தத்துக்கு ஜெபம் செய்கிறாள், நல்ல பிள்ளை, அதற்கும் ஒரு நன்றி, ஆனால் இனி நான் ஊரான் பிள்ளை மாதிரிப் பார்ப்பது எங்கே. இருபத்தி நாலு நிமிடம்.

மூன்று வாரமாக மதிக்குக் காலையில் விரல் மடங்கவில்லை. "எம்மா, பல்லு வெளக்க பிரஷ்ஷைப் பிடிக்க முடியல" என்று அவள் சொன்ன அன்றைக்கு எனக்குக் கையில் இருந்த தோசைக் கரண்டி நழுவியது, சும்மா நழுவியது என்று சொல்லிக்கொண்டேன். பிறகு காய்ச்சல், பிறகு பள்ளிக்கூட விளையாட்டு விழா முடிந்து வந்த சாயங்காலம் கன்னம் இரண்டும் சிவந்து கிடந்தது. வெயில்தான், பங்குனி வெயிலில் யாருக்குத்தான் சிவக்காது. எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது, இருபத்தொன்பது வயதில், மதிக்கு இரண்டு வயது. லூபஸ் என்றார்கள், பத்துப் பேருக்கு வந்தால் ஒன்பது பேர் பெண்கள் என்றார்கள், ஏன் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை, பொம்பளை உடம்பு அப்படி என்று டாக்டரே சொன்னார். ஏன் என்று எனக்குச் சொன்னவர் சென்னையில் ஒரு பயிற்சி வகுப்புக்கு வந்த பேராசிரியை, அவர் பேரே மறந்துவிட்டது, அவருக்கும் நன்றி. பலகையில் இரண்டு எக்ஸ் வரைந்தார். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம், ஆணுக்கு ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் செல் தாங்காது, அதனால் கரு சின்னப் புள்ளியாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒன்றைத் தூங்க வைத்துவிடுகிறது, இந்தச் செல்லில் அம்மாவுடையது, பக்கத்துச் செல்லில் அப்பாவுடையது, எது என்பதற்கு ஒரு ஒழுங்கும் கிடையாது. தூங்கப்போகும் எக்ஸ் சும்மா தூங்குவதில்லை, நீளமாக ஒரு நூலை நூற்றுத் தன்மேலேயே சுற்றிக்கொள்கிறது, அந்த நூலில் ஏகப்பட்ட புரதங்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. செல் செத்து உடையும்போது அந்தச் சுருணை வெளியே வந்து விழுகிறது. நம் காவல்காரச் செல்கள் அதைப் பார்த்து இது என்ன புது மூட்டை என்று சந்தேகப்படலாம், ஒரு தடவை சந்தேகப்பட்டால் பிறகு விடாது. ஆண் உடம்பில் அந்தச் சுருணையே இல்லை. இன்னொன்றும் சொன்னார், தூங்குகிற எக்ஸில் சில ஜீன்கள் அரைக் கண் திறந்தே கிடக்குமாம், அதில் ஒன்று கிருமியை மோப்பம் பிடிக்கிற வேலையைப் பார்ப்பது, அதனால் பெண்ணுக்குக் காவல் கொஞ்சம் கூடுதல். அபூர்வமாக இரண்டு எக்ஸோடு பிறக்கிற ஆண்களுக்கும் பெண்களைப் போலவே இந்த வியாதி வருகிறதாம். இது மட்டும்தான் காரணம் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை, ஹார்மோனும் இருக்கிறது, வேறு பல ஜீன்களும் இருக்கின்றன என்று அவரே சொன்னார். ஆனால் அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. என் உடம்பு கெட்ட உடம்பு இல்லை, அதிகமாகக் காவல் காக்கிற உடம்பு. வீட்டில் காய்ச்சல் வந்தால் அவர் அஞ்சு நாள் படுத்துக்கொண்டு கஞ்சி கஞ்சி என்று முனகுவார், நானும் மதியும் இரண்டாம் நாள் எழுந்து அவருக்குக் கஞ்சி காய்ச்சுவோம். அந்தக் கூடுதலுக்குத்தான் இந்த விலை போலிருக்கிறது.

அவர் என்றால் என் வீட்டுக்காரர் சங்கரபாண்டி, அரசுப் பேருந்து டிரைவர், தென்காசி ரூட். நன்றி எண்ணினால் அவரிடம் வந்து அதிக நேரம் நின்றுவிடுவேன் என்பதால்தான் ஏசியில் ஆரம்பித்தேன். என் விரல்கள் வீங்கிக் கிடந்த காலத்தில் மதி ஒன்றாம் வகுப்பு. இரட்டைச் சடை பின்னி ரிப்பன் வைத்து மடித்துக் கட்டாமல் வந்தால் அந்தப் பள்ளிக்கூடத்தில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். என்னால் சீப்பைப் பிடிக்க முடியாது. பெரிய பஸ் ஸ்டியரிங் பிடிக்கிற அந்தக் கை, தலையணை உறையின் மூன்று நாடாக்களில் பழகி, நாலே நாளில் சடை பின்னக் கற்றுக்கொண்டது. வகிடு மட்டும் குற்றால மலைப்பாதை மாதிரி வளைந்து போகும். டீச்சர் கேட்டதற்கு "எங்கப்பா டிரைவர்" என்றாளாம் மதி. ஐந்தாம் வகுப்புவரை அவர்தான் பின்னினார், காலை ஷிப்ட் இருந்தால் விடியுமுன் தூங்குகிற பிள்ளையின் தலையில் பின்னிவிட்டுப் போவார். போன வாரம் என் நாத்தனார் வந்து உட்கார்ந்துகொண்டு, "உங்க ஒடம்புல உள்ளதுதான மைனி பிள்ளைக்கும் வரும், பாவம்" என்றாள். பாவம் என்றது யாரை என்று தெரியவில்லை. அவள் போனபிறகு கோபத்தில் அவரை உட்காரவைத்துப் பேராசிரியை வரைந்த படத்தைக் காலண்டரின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினேன். பாருங்க, பொம்பளைப் பிள்ளைக்கு ரெண்டு, ஒண்ணு நான் குடுத்தது, ஒண்ணு நீங்க குடுத்தது, எங்கிட்டயிருந்து மட்டும் வரல. கோபத்தில் வரைந்தேன், அவர் அதை இவ்வளவு கவனமாகப் பார்ப்பார் என்று நினைக்கவில்லை. "அப்போ என்னோடது ஒண்ணுதான், அது எங்கம்மா குடுத்ததுல்லா?" என்றார். ஆமா. "அதை அப்படியே முழுசா மதிக்குக் குடுத்துட்டேன்." ஆமா. காலண்டரைத் திருப்பி ஆணியில் மாட்டிவிட்டு, "எங்கம்மா வெரலப் பாத்திருக்கல்லா செல்வி, கடைசியில எப்படிக் கோணிக்கிட்டுக் கெடந்துச்சு" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. என் கோபத்துக்கு என்னை நானே அடித்துக்கொள்ளலாம். குற்றத்தில் பாதியைக் கொடுக்கப் போனேன், அவர் முழுசையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒன்பது நிமிடம். மற்ற நன்றிகள், சீக்கிரம். தினம் இரவு போடுகிற மாத்திரைக்கு, அது இல்லாவிட்டால் என் சிறுநீரகம் எப்போதோ போயிருக்கும். கால்விரல் வீங்கியபோது வெட்டி எடுத்த மெட்டிகளுக்கு, அவை இல்லாமலும் நான் சுமங்கலியாகத்தான் இருக்கிறேன். சில்லின் வட்டங்களில் ஒட்டியிருக்கிற செல்களுக்கு, எங்கோ எப்போதோ யாரோ ஒரு பெண்ணின் உடம்பிலிருந்து எடுத்து இன்றுவரை வளர்த்துக்கொண்டே இருக்கிறார்களாம், அவள் யாரோ, அவள் செல்லில்தான் ஊர்ப் பெண்களின் வியாதியெல்லாம் தெரிகிறது. அப்புறம் என் சீரத்துக்கு. கம்பெனி கன்ட்ரோல் தீர்ந்துபோன ஒரு சமயம் டாக்டர் கேட்டார், நாலு வருடமாக என் சீரம்தான் இங்கே பாசிட்டிவ் கன்ட்ரோல், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஜெபா ஊசி போட்டு எடுப்பாள். மைக்ரோஸ்கோப்பில் என்னுடையதைப் போலப் பச்சையாக எரிந்தால் அது பாசிட்டிவ். பாளையங்கோட்டையிலேயே அளவுகோலாக இருக்கிற உடம்பு என்னுடையது என்று மதியிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன், அவள் "நீ எவரெடி டார்ச்சும்மா" என்பாள். மதி, உனக்கு இருந்தாலும் நாம் பார்த்துக்கொள்ளலாம், மாத்திரை இருக்கிறது, அப்பா இருக்கிறார், வட்டு எறிவதை சாயங்கால வெயிலில் எறியலாம், நான் உயிரோடுதானே இருக்கிறேன். இப்படியெல்லாம் சொல்கிறேன், ஆனால் வேண்டாம். எனக்கு இருந்துவிட்டுப் போகட்டும், அவளுக்கு வேண்டாம். டைமர் கத்துகிறது.

கழுவுதல், இரண்டு தடவை, ஐந்தைந்து நிமிடம். கிளிசரின் ஒரு சொட்டு, மேலே கண்ணாடித் தாள், குமிழ் விழக்கூடாது, விழவில்லை, என் விரலுக்கு நன்றி. இருட்டறையில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு மைக்ரோஸ்கோப் விளக்கைத் தட்டினேன். முதல் வட்டம், ஒன்றுமில்லை, வெறும் மங்கல், நெகட்டிவ், நோட்டில் கழித்தல் குறி. இரண்டாவதில் பச்சை எரிந்தது, ஒவ்வொரு செல்லின் நடுவிலும் முழு வட்டமாக, ஓ இங்கேயா கொண்டுவந்து வைத்தாய் என்னை என்று ஜெபாவை மனதுக்குள் திட்டினேன், இது நான், கன்ட்ரோல், எழுதினேன். மூன்று கழித்தல். நான்கு கழித்தல். ஐந்தில் லேசாகப் பொடிப்பொடியாக மினுக்கம், அது நோயில்லாதவர்களுக்கும் இருப்பது, எழுதினேன். ஆறு கழித்தல். ஏழுக்கு நகர்த்துவதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டேன், மூடிய கண்ணிலும் பச்சையாகத்தான் இருந்தது. திறந்தேன். எரிந்தது. முழு வட்டம், ஓரம் தெளிவாக, நடுவில் ஒரு கருப்பும் இல்லாமல், நான் எரிவதைப் போலவே, நாலு வருடமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேனே, எனக்குத் தெரியாதா. அவள் என் மகள்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கை தானாக ஃபோகஸைத் திருப்பிக்கொண்டே இருந்தது, திருப்பினால் அணையும் என்பது போல. அணையவில்லை. அழவும் வரவில்லை, அவர் முகம்தான் வந்தது, எங்கம்மா வெரலப் பாத்திருக்கல்லா. எட்டு முதல் பன்னிரண்டு வரை எப்படிப் பார்த்தேன் என்று தெரியாது, நோட்டில் எழுத்து இருக்கிறது, சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். பதினெட்டு வருடப் பழக்கம், கை தானாக எழுதியிருக்கிறது.

ஜெபா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வர இருபது நிமிடம். வந்து இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பன்னிரண்டும் ஒத்துப்போயின. "ஒரு வித்தியாசமும் இல்லக்கா" என்றாள் சந்தோஷமாக. எனக்கு அவள் சந்தோஷம் புரியவில்லை. "ஏழு" என்றேன். "ஏழுக்கு என்ன?" "எனக்குத் தெரியும் ஜெபா, நீ சிலுவை போட்டதப் பாத்துட்டேன், கதவு வழியா." அவள் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது, திருட்டுத்தனம் பிடிபட்டது மாதிரித் தலையைக் குனிந்துகொண்டாள். "அதைப் போயிப் பாத்தியளாக்கும்" என்றாள். "அது உங்களோடதுக்கா. கன்ட்ரோல். உங்க சீரத்த சில்லுல விடும்போதெல்லாம் நான் போடுவேன். நாலு வருசமாப் போடுதேன். உங்ககிட்ட சொன்னா சிரிப்பியன்னு சொல்லல." அப்போ ரெண்டு? "ரெண்டு அம்பாசமுத்திரத்துலருந்து வந்தது, இருபத்திரண்டு வயசு, போன மாசம்தான் கல்யாணம் ஆச்சாம்." மதி? அவள் தன் மேலங்கிப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். நான்கு. கழித்தல். அவளுடைய குண்டுக் கையெழுத்தில், காந்திமதி, பதினேழு, நான்கு. ஜெபாவின் கையைப் பிடித்துக்கொண்டேன், கையுறை போட்ட கை, பவுடர் வாசம். நாலு வருடமாக, வாரத்தில் மூன்று நாள், என் பேரைச் சொல்லாமல் எனக்காக ஒருத்தி வேண்டியிருக்கிறாள், நான் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து அவள் பிப்பெட் பிடிக்கிற விதத்தைக் குறை சொல்லியிருக்கிறேன். "சிரிச்சிருக்க மாட்டேன் ஏட்டி" என்றேன். "சிரிச்சிருப்பிய" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அது உண்மைதான்.

திரும்ப இருட்டறைக்குப் போனேன். நான்காவது வட்டத்தைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்தேன். முதலில் இரண்டு வினாடிகூடப் பார்க்காமல் கடந்து போன வட்டம். ஒன்றும் இல்லை. மங்கல், மங்கலுக்குள் செல்களின் லேசான நிழல், அவ்வளவுதான். அந்த ஒன்றும் இல்லாததை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், இவ்வளவு நேரம் இந்த வேலையில் எதையும் பார்த்ததில்லை. விரல் மடங்காததற்கு வேறு காரணம் இருக்கும், காய்ச்சலுக்கு அப்புறம் சில வைரஸ் அப்படிப் பண்ணும், ஒரு மாதத்தில் சரியாகும், டாக்டர் பார்ப்பார். நாளைக்கு, பத்து வருடம் கழித்து என்ன என்று யாருக்குத் தெரியும், இன்றைக்கு இல்லை. பிறகு சில்லை இரண்டாவது வட்டத்துக்கு நகர்த்தினேன். அம்பாசமுத்திரம், இருபத்திரண்டு. நான் என்று நினைத்துக் கடந்து போனது அவளை. அம்மா, உன் உடம்பு கெட்ட உடம்பு இல்லை, ரொம்ப அக்கறையாகக் காவல் காக்கிறது, அவ்வளவுதான், மாத்திரை உண்டு, மறக்காமல் சாப்பிடு, நான் பதினைந்து வருடமாகச் சாப்பிடுகிறேன், கூடவே இருக்கிற ஒருத்தர் கிடைத்திருந்தால் இன்னும் நல்லது. இதையெல்லாம் ரிப்போர்ட்டில் எழுத இடமில்லை. பாசிட்டிவ் என்று எழுதி, மருத்துவரை உடனே பார்க்கவும் என்று கீழே கோடு போட்டேன், கோட்டை இரண்டு தடவை போட்டேன்.

ஒன்றரைக்கு அவரிடமிருந்து போன் வந்தது. ஆலங்குளத்தில் டீக்கு வண்டி நிற்கிற நேரம். பின்னால் இஞ்சின் ஓடுகிற சத்தம், யாரோ முறுக்கு விற்கிற சத்தம். "சொல்லு" என்றார். "இல்லங்க. மதிக்கு ஒண்ணும் இல்ல. நெகட்டிவ்." இஞ்சின் சத்தம் நின்றது, அணைத்துவிட்டார் போலிருக்கிறது. "இருக்கீங்களா?" என்று கேட்டேன். இருக்கேன் என்றார். பிறகு, மெதுவாக, பக்கத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாது என்பது போல, "அப்போ நான் குடுத்ததும் நல்லாத்தான் இருக்கு?" என்றார். இந்தச் சோதனை அதையெல்லாம் சொல்லாது. எந்த எக்ஸில் என்ன இருக்கிறது என்று எங்கள் லேபில் யாராலும் சொல்ல முடியாது, பதினெட்டு வருடத்தில் என் கண்ணால் பார்க்காத எதையும் நான் எழுதிக் கொடுத்ததில்லை. "நீங்க குடுத்தது ரொம்ப நல்லாருக்குங்க" என்றேன். கண்டக்டர் இரண்டு விசில் அடித்தார், போகலாம் என்று. வண்டி நகரவில்லை. மறுபடி இரண்டு விசில். யாரோ பின்னாலிருந்து டிரைவர் அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள், ஆலங்குளத்தில் ஒரு நிமிடம்கூடப் பிந்தி வண்டி எடுக்காத மனிதர். அவர் போனை வைக்கவும் இல்லை, பேசவும் இல்லை, அழுகிறார். அழட்டும் என்று நானும் வைக்காமல் காதோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.